அழுங்கை எழுப்பியது யார்?

அன்று மதியச் சாப்பாட்டு வேளை முடிந்ததும் மடிக்கணினி குளிர்ந்து வந்தது.

துணைத் தலைவர் கோங் அதைப் பரிசோதனைக் கூடத்து மேஜைமேல் தட்டென்று வைத்தார். மெங் ரூயின் தன் புறங்கையால் அதன் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். இத்தனை நாளும் இதே வேளையில் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரி வந்த சாமான், இன்றைக்குக் கிணற்றுப் படிக்கல் மாதிரி சில்லென்று இருந்தது.

"ஜுரம் விட்டுடுச்சா அக்கா?" என்றான் அவள் உதவியாளன் ஆ-டிங். "அரிசிக் கஞ்சி வைக்கச் சொல்லவா?"

"வாயை மூடு."

"மூடினா அடங்கிடும்னு நம்பித்தானே இந்த மிஷினையே செஞ்சாங்க? அடங்குச்சா?"

"சிரிச்சது போதும்!" என்றார் கோங். "முன்னாடி தூங்காம உயிரை வாங்குச்சு. இப்ப எழுந்திருக்காம வாங்குது. மூடியைத் திறந்தா கல்லு மாதிரி கிடக்கு. பொத்தானை அமுக்கினாத்தான் கண்ணு முழிக்குது. இதையா நான் ஹிரானோ மேடத்துக்கிட்ட காட்டப்போறேன்? ஏர்போர்ட்ல இருந்து கிளம்பிட்டாங்களாம்!"

மெங் கணினியைப் பார்க்கவில்லை. கோங்கின் வலது கன்னத்தைப் பார்த்தாள். அங்கே நாணய அகலத்துக்குச் சிவப்பாக ஒரு தடம். ஆ-டிங்கும் பார்த்தான். வீட்டுக்காரம்மாவிடம் அறை வாங்கியிருப்பாரோ என்று நினைத்தான். ஆனால் அறைக்கு இவ்வளவு சின்ன உள்ளங்கை எந்த மனுஷிக்கும் கிடையாது.

மெங் சட்டைப்பையிலிருந்து உப்பில் ஊறி உலர்ந்த பிளம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். ஆ-டிங்குக்கு உடனே மூக்கில் வியர்த்தது. அக்கா பிளம் போட்டுக்கொண்டால் யாரோ மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று அர்த்தம்.

மெங் ரூயினின் தொழில் விசித்திரமானது. உறங்க வேண்டிய இயந்திரங்கள் ஏன் உறங்கவில்லை என்று துப்புத் துலக்குவாள். தைபேயில், அதுவும் நெய்ஹூ வட்டாரத்தில், தடுக்கி விழுந்தால் ஒரு மடிக்கணினிக் கம்பெனிமேல்தான் விழ வேண்டும் என்பதால் அவளுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. ஆ-டிங் அவளிடம் சேருவதற்கு முன்னால் பழுது பார்க்கும் கடையில் முகப்பில் உட்கார்ந்திருந்தவன். உள்ளே மீன் வளர்க்கலாம் போலத் தண்ணீர் நிற்கும் கணினியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "சொட்டுத் தண்ணிகூடப் படல" என்று சத்தியம் செய்கிறவர்களை வருஷக்கணக்காகப் பார்த்தவன். இயந்திரத்தைப் பற்றி அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதன் சொந்தக்காரர்கள் விடும் புளுகைப் பற்றி அவனுக்குத் தெரியாதது எதுவுமில்லை.

இந்த வழக்கில் இயந்திரத்தின் செல்லப்பெயர் அழுங்கு. செதில் போர்த்த மலைக்காட்டு அழுங்கு தொட்டதும் சுருண்டுகொள்வது போல, மூடியைச் சாத்தியதும் சுருண்டு தூங்கிவிடும் என்பது அதன் பெருமை. மூடியின் மேல் ஓரத்தில், கைக்குத் தட்டுப்படும்படி புடைப்பாக ஒரு சின்ன அழுங்குச் சின்னம்கூட வைத்திருந்தார்கள். கூடத்தில் வரிசையாக வைத்திருந்த மாதிரிக் கணினிகள் எல்லாம் சமர்த்தாகத் தூங்கின. கோங்கிடம் இருந்த ஒன்று மட்டும் போன வாரத்திலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டு வேளையில் கொதித்து, விசிறி ஊளையிட்டு, சாயங்காலக் கூட்டத்துக்குள் பேட்டரி செத்துப்போயிற்று. போன வாரம் ஒசாகா வாடிக்கையாளரின் ஆள் ஹிரானோ எதிரில், "சாத்தி வச்சுட்டு மாசக்கணக்கா மறந்துடலாம் மேடம்" என்று கோங் கையை விரித்த அதே நொடியில் திரை கறுத்தது.

பழி வான்ரோங்மேல் விழுந்தது. அழுங்கின் தூக்கத்தைக் கவனிக்கும் நிரலை எழுதியவள் அவள்தான். ஒல்லியான பெண், பேசும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பாள். இன்றைக்கும் ஹிரானோ எதிரில் இது நடந்தால் வேலையை விட்டுப் போய்விட வேண்டும் என்று கோங் எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். அவள் ஏற்கெனவே இரண்டு கோப்பைகளையும் ஒரு கள்ளிச்செடியையும் அட்டைப்பெட்டியில் போட்டு மேஜைக்கடியில் தள்ளி வைத்திருந்தாள்.

கோங் கதவை அறைந்துவிட்டுப் போனார். மெங் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வான்ரோங், இப்ப ஆள் மாட்டிக்கிட்டான். யாருன்னு நீயே சொல்லு."

"மூடியா அக்கா?" என்றாள் வான்ரோங் மெதுவாக.

"மூடிதான்."

"எனக்கும் யாராவது சொல்லுங்களேன்," என்றான் ஆ-டிங். "சம்பளம் வாங்குறேன் நானும்."

வான்ரோங் கண்ணாடியைத் துடைத்தாள். "மூடியைச் சாத்தினதும் கெர்னல், அதாவது உள்ள இருக்கிற மேஸ்திரி, எல்லாச் சாதனத்தையும் பார்த்து 'படுங்க'ன்னு சொல்லும். சும்மா ஒரே நேரத்துல இல்ல. முறை இருக்கு. கேமரா படுத்த பிறகுதான் கேமராவுக்கு மின்சாரம் குடுக்கிற பாதை படுக்கணும். பாதை முதல்ல படுத்துட்டா கேமரா அந்தரத்துல நிக்கும்."

"எங்க வீட்லயும் அதே சட்டம். நான் படுக்கிற வரைக்கும் எங்கம்மா படுக்கமாட்டாங்க. கெர்னல் திட்டாது, அதான் வித்தியாசம்."

"அப்புறம் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு ஆழத்துல தூங்கும். சிலது கண்ணசரும். சிலது அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கும். சிலதுக்கு மின்சாரமே கிடையாது. கடைசியில மேஸ்திரியும் தூங்கிடும்."

"மேஸ்திரியே தூங்கிட்டா யாரு எழுப்புறது?"

"அதுக்குன்னு சில பேருக்கு மட்டும் உரிமை உண்டு. பொத்தான், மூடி, மவுஸ், நெட்டுக்கான வலையட்டை, விரல்ரேகை பார்க்கிற பட்டை. இவங்க ஒரு கண்ணை மட்டும் திறந்து வச்சிருப்பாங்க. இவங்கள்ல ஒருத்தர்தான் சாரோட மிஷினை எழுப்பியிருக்கணும்."

"யார் எழுப்பினாங்கன்னு மிஷினே குறிச்சு வைக்காதா?"

"இந்தப் பழைய மாதிரியில வைக்காது. குறிப்பு எழுதுறவரும்தானே தூங்குறார்? 'படுத்தோம்'னு ஒரு வரி. அடுத்த வரி 'எழுந்தோம்'. நடுவுல யாரு காலைக் கிள்ளினாங்கன்னு அவருக்கே தெரியாது."

அதனால்தான் மெங் வேறு வழியில் போயிருந்தாள். தினம் ஒருவருடைய எழுப்பும் உரிமையைப் பிடுங்கிவிட்டுக் கணினியைக் கோங்கிடமே திருப்பிக் கொடுத்தாள். மவுஸின் உரிமை போயிற்று, கணினி கொதித்தது. வலையட்டையின் உரிமை போயிற்று, கொதித்தது. விரல்ரேகைப் பட்டை நிரபராதி என்று தெரிந்தது. இன்று மூடியின் உரிமையைப் பிடுங்கினாள். கணினி நிம்மதியாகத் தூங்கியது. ஆனால் திறந்தால் எழாத மூடியை எந்த வாடிக்கையாளரும் வாங்க மாட்டார். உரிமையைத் திருப்பித்தான் கொடுத்தாக வேண்டும்.

"ஒண்ணுதான் இடிக்குது," என்றாள் மெங். "மூடி சாத்தியே இருக்கு. சாத்தியிருக்கிற மூடி, 'என்னைத் திறந்துட்டாங்க'ன்னு எதுக்குப் பொய் சொல்லுது?"

"பொய்யா? அது என் ஏரியா," என்றான் ஆ-டிங். "தானாப் பொய் சொல்லாது அக்கா. யாரோ சொல்ல வைக்கிறாங்க. மூடி திறந்திருக்கா சாத்தியிருக்கான்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"மூடியோட முனையில குட்டியா ஒரு காந்தம். அதுக்கு நேர் கீழ உடம்புல ஒரு உணரி. காந்தம் பக்கத்துல இருந்தா சாத்தியிருக்குன்னு அர்த்தம். விலகினா திறந்தாச்சுன்னு அர்த்தம்."

"வேற ஒரு காந்தம் வந்து இந்தக் காந்தத்தை மல்லுக்கட்டி அடக்கிட்டா?"

மெங் பிளம் கொட்டையைத் துப்பிவிட்டு அவனைப் பார்த்தாள்.

"சில நாள் உன்னைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறதுக்குப் பலன் கிடைக்குது," என்றாள். "ஒரு பேப்பர் கிளிப் எடு. நூல் எடு. சார் ரூமுக்குப் போறோம்."

கோங் கீழே வரவேற்பறையில் பூ வைக்கிற பெண்ணைத் திட்டிக்கொண்டிருந்ததால் அறை காலியாக இருந்தது. உள்ளே போனதும் ஆ-டிங்குக்குப் பல் கிட்டியது. ஏசியை அவ்வளவு கடுமையாக வைத்திருந்தார் மனுஷர். கதவில் அவரே அச்சடித்து ஒட்டிய அறிவிப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு விளக்கை அணைத்துவிட்டு எல்லாரும் மேஜையில் கவிழ்ந்து தூங்கும் வழக்கத்தை அடுத்த மாதத்திலிருந்து ஒழிக்கப் போகிறாராம். 'இருபது வருஷமாக நான் மதியம் கண்ணை மூடியதில்லை' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது.

"நாலாவது மாடியில ஒரு பெரியவர் இதைப் படிச்சுட்டு அழுதாராம்," என்றாள் வான்ரோங்.

ஆ-டிங் நூலில் கிளிப்பைக் கட்டிக் கையை உயர்த்திப் பிடித்தான். நிலத்தடி நீர் பார்க்க வந்தவன் போல அறையைச் சுற்றினான். வெண்பலகையிடம் போனதும் கிளிப் துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது.

"கண்டுபிடிச்சிட்டேன்!"

"அது பலகையில தாள் ஒட்டுற காந்தம். மேஜையில இருந்து எவ்வளவு தள்ளி இருக்கு பாரு. நடந்து போய் மூடியைத் தொட்டுட்டு வருமா?"

அலமாரி, மர நாற்காலி, பொன்சாய்ச் செடி. கிளிப் செத்த மீன் மாதிரி தொங்கியது. மேஜைமேல் பித்தளைக் குதிரை ஒன்று, ஒன்றுமில்லை. முகவரி அட்டைகள் செருகி வைக்கும் குட்டிப் பெட்டியிடம் போனபோது கிளிப் லேசாகச் சாய்ந்தது. வான்ரோங்கின் முகம் மலர்ந்தது. மெங் தன் கையில் இருந்த கணினியை மேஜைமேல் வைத்து, மூடியின் உரிமையைத் திருப்பிக் கொடுத்து, சாத்தித் தூங்க விட்டாள். அந்தக் குட்டிப் பெட்டியை மூடியின் முனையில் வைத்தாள். நகர்த்தினாள். சுழற்றினாள். அழுங்கு அசையவே இல்லை.

"பலம் போதல," என்றாள் மெங். முதல்முறையாக அவள் குரல் தளர்ந்தது. "இதைவிட வலுவா வேணும். இந்த மேஜையில அப்படி எதுவும் இல்ல."

வான்ரோங் சுவரில் சாய்ந்துகொண்டாள். "பரவாயில்லக்கா. நீங்க இவ்வளவு தூரம் பார்த்ததே பெரிசு. நான் போய் என் அட்டைப்பெட்டியை..."

"என்ன நடக்குது இங்க?"

வாசலில் கோங். கழுத்துப் பொத்தான்வரை இறுகப் போட்ட சட்டை. வெளியே மழைக்கு முந்தின புழுக்கத்தில் ஊரே பொத்தானைக் கழற்றிவிட்டுத் திரிந்தது. கட்டடக் காவலாளிகூட இரண்டு பொத்தானைத் திறந்து விட்டிருந்தான்.

"என் ரூம்ல மீன் பிடிக்கிறீங்களா?" கோங் விறுவிறுவென்று ஆ-டிங்கிடம் வந்து மூக்கோடு மூக்கு உரசும்படி நின்றார். "யாரைக் கேட்டு உள்ள வந்தே?"

ஆ-டிங் தூக்கிய கையை இறக்க மறந்து திருதிருவென்று முழித்தான். அவன் விரலிலிருந்து தொங்கிய நூல் மெல்லச் சாய்ந்தது. ஏசிக் காற்று என்று நினைத்தான். இன்னும் சாய்ந்தது. காற்றடிக்கும் திசைக்கு எதிர்த்திசையில் சாய்ந்தது. கிளிப் ஒருமுறை நடுங்கி, டிக் என்று துள்ளி, துணைத் தலைவரின் சட்டைக் காலரில் போய் ஒட்டிக்கொண்டது.

நூலின் ஒரு முனை ஆ-டிங்கின் விரலில், மறுமுனை கோங்கின் தொண்டையில். தூண்டில்காரனும் கெளுத்தியும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா," என்றான் ஆ-டிங், உதட்டை அசைக்காமல். "பெரிய மீனு."

கோங் கிளிப்பைப் பிடுங்கி எறிந்தார். அது தரையில் விழாமல் பாதியில் திரும்பி மறுபடி காலரிலேயே ஒட்டியது.

"சார், உள்ள என்ன போட்டிருக்கீங்க?" மெங் மரியாதையாகத்தான் கேட்டாள்.

"என் சட்டைக்குள்ள என்ன இருந்தா உனக்கென்ன?"

"கழுத்துக்குக் காந்தப் பட்டை. வலிக்குப் போடுறது. புதுசு, போன வாரம் வாங்கினது. சரியா?"

கோங் காலரைக் கையால் பொத்திக்கொண்டார். "என் பொண்டாட்டி வாங்கிக் குடுத்தா. ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம். வெளியில தெரிஞ்சா வயசாயிடுச்சும்பீங்க. அதான் மறைச்சுப் போட்டிருந்தேன். அதுக்கும் மிஷினுக்கும் என்ன சம்பந்தம்? நான் மிஷினைக் கழுத்துலயா கட்டிக்கிட்டு அலையுறேன்?"

"கட்டிக்கல சார். தலைக்கு வச்சுக்கிறீங்க."

"என்னது?"

"மதியம் இது மேல தலை வச்சுத் தூங்குறீங்க."

"நானா!" அவர் குரல் உத்தரம்வரை போயிற்று. "கதவுல என்ன ஒட்டியிருக்குன்னு படிக்கத் தெரியாதா உனக்கு? இருபது வருஷமா..."

"உங்க கன்னத்துல அழுங்கு படுத்திருக்கு சார்."

கோங்கின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. ஆ-டிங் எட்டிப் பார்த்தான். சிவப்புத் தடம் இப்போது அவனுக்கும் புரிந்தது. சுருண்ட முதுகு, கூர்மூக்கு, வால். மூடியில் இடப்பக்கம் பார்த்திருக்கும் அழுங்கு, துணைத் தலைவரின் கன்னத்தில் வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது.

"சின்னம் ரொம்ப நல்லா வந்திருக்கு சார்," என்றான் ஆ-டிங். "வால்ல செதில்கூடத் தெரியுது."

கோங் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு குரலை இறக்கினார்.

"சாப்பாட்டுக்கு மேல கண்ணை இழுக்குது. தலையணை வாங்கி வச்சா எவனாவது பார்த்துடுவான். இது சரியா கழுத்து உயரத்துக்கு இருந்துச்சு. அதுவும் போன வாரத்துல இருந்து தலை வச்சதும் கொஞ்ச நேரத்துல கதகதன்னு வேற ஆயிடும். இந்த ஏசி குளிருக்கு அவ்வளவு இதமா..."

"அந்தக் கதகதப்புதான் சார் உங்க பேட்டரி," என்றாள் மெங்.

ஆ-டிங் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். அவன் தோள்கள் குலுங்கின.

பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்தார் கோங். சின்னச் சின்னக் காந்தங்கள் கோத்த கறுப்புப் பட்டை. மெங் அதை எடுத்து, தூங்கிக்கொண்டிருந்த அழுங்கின் முனைக்குமேல், தூக்கத்தில் புரளும் கழுத்து எப்படிப் போகுமோ அப்படி ஒருமுறை இழுத்தாள். உள்ளே விசிறி முனகிக்கொண்டு எழுந்தது. மூடியின் விளிம்பில் மெல்லிய வெளிச்சம் கசிந்தது.

"ஆச்சு!" என்று கைதட்டினான் ஆ-டிங். "குத்தவாளி துணைத் தலைவர். அவரே போய் அவர்கிட்ட ராஜினாமாவைக் குடுக்கட்டும்."

கோங்கும் வேறு வழியில்லாமல் சிரிக்கப் பார்த்தார். ஆனால் வான்ரோங் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைக்கவும் இல்லை. கணினியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பட்டையை எடுத்தாச்சுல்ல?"

"எப்பவோ எடுத்தாச்சு. பையில வச்சிருக்கேன்."

"அப்ப மூடி சாத்தியிருக்குன்னு இப்ப அதுக்குத் தெரியணும். திரும்பத் தூங்கணும். ஏன் விசிறி நிக்கல?"

விசிறி நிற்கவில்லை. கணினி சாத்திய மூடிக்குள் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டிருந்தது. ஆ-டிங்கின் சிரிப்பு அடங்கியது. மெங் ஒன்றும் சொல்லவில்லை; அவளுக்கு விடை தெரிந்துவிட்டது என்பதை அவள் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டான். அவள் வாயைத் திறந்தால் கோங் மறுபடி வான்ரோங்மேல் பாய்வார். வான்ரோங் பேசாமல் இருந்தால் வேலை நிச்சயம். பழி முழுக்கக் காந்தப் பட்டைமேல் போய்விட்டது.

வான்ரோங் கோங்கைப் பார்த்து நிமிர்ந்தாள்.

"சார், தப்பு என்னோடதும்தான். மிஷின் எழுந்திருக்கும்போது எல்லாச் சாதனமும் எழுந்து முடிக்கிற வரைக்கும் வர்ற சேதியை எல்லாம் தள்ளிவிடுற மாதிரி எழுதியிருக்கேன். வேகமா எழட்டும்னு. நீங்க புரண்டு படுத்ததும் மூடி 'திறந்தாச்சு'ன்னு சொல்லுது. உடனே 'சாத்தியாச்சு'ன்னும் சொல்லுது. அந்த ரெண்டாவது சேதி வரும்போது பாதிப் பேர் கண்ணைக் கசக்கிட்டு இருக்காங்க. அது குப்பைக்குப் போயிடுது. அதுக்கப்புறம் யாரும் மூடியைத் திரும்பக் கேட்கறதில்ல. அதான் பேட்டரி சாகுற வரைக்கும் முழிச்சிருக்கு. பையில போட்டு, பையோட வார்ல காந்தப் பட்டன் இருந்தா, யார்கிட்ட இருந்தாலும் இது நடக்கும்."

சொல்லி முடித்ததும் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆ-டிங் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"ஒசாகாவுல கடைக்குப் போன பிறகு இது தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டார் கோங்.

"எல்லா மிஷினையும் திரும்ப வாங்கியிருக்கணும் சார்."

"சரி பண்ண எவ்வளவு நேரமாகும்?"

"எழுந்து முடிச்சதும் மூடியை இன்னொரு தடவை கேட்கணும். அவ்வளவுதான். இப்பவே உட்கார்றேன்."

"உட்காரு," என்றார் கோங். திட்டும் தொனியில்தான் சொன்னார்; ஆனால் தன் நாற்காலியைக் காலி செய்து கொடுத்துவிட்டுச் சொன்னார்.

வான்ரோங்கின் விரல்கள் விசைகளில் ஓடின. கோங் பின்னாலேயே குறுக்கும் நெடுக்கும் நடந்தார். திருத்தத்தை ஏற்றி முடித்ததும் மெங் பட்டையைக் கோங்கிடம் நீட்டினாள்.

"போட்டுக்குங்க சார்."

"எதுக்கு?"

"கையால இழுத்துப் பார்த்தா போதாது. நிஜக் கழுத்து, நிஜத் தூக்கம், நிஜப் புரளல் வேணும். நீங்கதான் இந்தக் கம்பெனியிலயே சிறந்த சோதனைக் கருவி."

கோங் முறைத்தார். பிறகு பட்டையை மாட்டிக்கொண்டு, கணினிமேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினார். உடனே திறந்தார்.

"மூணு பேரு இப்படி முறைச்சுப் பார்த்தா எவனுக்குத் தூக்கம் வரும்?"

"விளக்கை அணைக்கவா? தாலாட்டுப் பாடவா?" என்ற ஆ-டிங், மேஜையோரம் கிடந்த தாள்கட்டை எடுத்தான். ஹிரானோ முன்னால் கோங் நிகழ்த்தவிருந்த உரை. "இதையே படிக்கிறேன் சார். 'மாண்புமிகு விருந்தினர்களே, சென்ற காலாண்டில் நமது விற்பனை இலக்குகளின் வளர்ச்சி விகிதத்தைத் துறைவாரியாக...'"

முதல் பக்கம் முடிவதற்குள் துணைத் தலைவரிடமிருந்து குறட்டை கிளம்பியது.

மெங் விளக்கை அணைத்தாள். மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு விசிறிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டினார்கள். கோங் புரண்டார். கழுத்து மூடியின் முனையைக் கடந்தது. விசிறி எழுந்தது. வான்ரோங் ஆ-டிங்கின் முழங்கையைக் கிள்ளினாள். விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி, யோசித்து, அடங்கியது. மறுபடி புரண்டார், மறுபடி எழுந்தது, மறுபடி அடங்கியது.

"எழுந்துக்குது, பார்க்குது, படுத்துக்குது," என்று கிசுகிசுத்தாள் வான்ரோங். அவள் கண் நிறைந்திருந்தது.

அப்போது கதவு திறந்தது. வரவேற்பறைப் பெண் வெளிறிப்போய் நின்றாள். அவளுக்குப் பின்னால், சாம்பல் நிறக் கோட்டில், நெட்டையாக ஹிரானோ. வழியில் நெரிசல் இல்லையோ, கோங் நேரத்தை மறந்தாரோ தெரியவில்லை. இருட்டறை, நடுவில் கணினிமேல் கன்னம் வைத்துக் குறட்டை விடும் துணைத் தலைவர், அவரைச் சுற்றிப் பிணத்துக்குக் காவல் இருப்பது போல மூன்று பேர்.

ஆ-டிங் கடையில் கற்ற வித்தை எதுவும் உதவிக்கு வரவில்லை. மெங் வாயில் விரல் வைத்தாள்.

"உஷ். சோதனை நடக்குது மேடம்."

ஹிரானோ புருவத்தை உயர்த்தினாள். மெங் அவளைப் பக்கத்தில் அழைத்து, கழுத்துப் பட்டை, மூடி, தூங்கும் சாதனங்கள் எல்லாவற்றையும் தாழ்ந்த குரலில் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. ஹிரானோ குனிந்து, கோங்கின் மூக்குக்கருகில் காதை வைத்து விசிறியைக் கவனித்தாள். அவர் புரண்டார். விசிறி எழுந்து அடங்கியது.

"எங்க ஊர்ல இதுக்கு இயந்திரக் கை வச்சிருக்கோம்," என்றாள் அவள் நிதானமான சீன மொழியில். "இங்க துணைத் தலைவரே தலையைக் குடுக்கிறார்."

தூங்குகிற மனிதரை நோக்கி இடுப்புவரை குனிந்து வணங்கினாள்.

அந்தச் சரியான நொடியில் கோங் கண்ணைத் திறந்தார். தன் எதிரே ஒரு வாடிக்கையாளரின் உச்சந்தலையைக் கண்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து பதிலுக்குக் குனிந்தார். இரண்டு தலைகளும் மயிரிழையில் மோதாமல் தப்பின. ஹிரானோ கணினியின் மூடியைத் திறந்தாள். திரை பளிச்சென்று விழித்தது. மூலையில் பேட்டரி அளவைப் பார்த்தாள். இன்னும் நிறைந்தே இருந்தது.

"இந்தத் தூக்கத்தை எழுதினது யாரு?"

கோங் நெஞ்சை நிமிர்த்தினார். அந்த நெஞ்சு நிமிர்கிற தினுசு ஆ-டிங்குக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் கை நீண்டு வான்ரோங்கைக் காட்டியது.

"இந்தப் பொண்ணு. உள்ள ஒரு தப்பு இருந்துச்சு. அதைக் கண்டுபிடிச்சு வெளியில சொன்னதும் இவதான். சொல்லாம இருந்திருக்கலாம். சொன்னா."

வான்ரோங் தரையைப் பார்த்தாள். ஹிரானோ அவளுக்கும் ஒருமுறை தலை வணங்கினாள். பிறகு கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லாமல் கோங்கிடம் திரும்பினாள்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஆர்டர் குடுத்தா, மிஷினோட சேர்த்து உங்களையும் அனுப்புவாங்களா?"

கேலியா, கேள்வியா? ஆ-டிங்குக்கே பிடிபடவில்லை. கோங் சட்டையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"முதல் பெட்டியோட நானே வரேன் மேடம்," என்றார். "தலையணை மட்டும் நீங்க குடுத்துடணும்."

வான்ரோங் வாயைப் பொத்திக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினாள். அந்த வாரத்திலேயே முதல்முறையாக அவள் சிரித்த சிரிப்பு, நாலாவது மாடிவரை கேட்டது.